தீபாவளிக்கு ஒரு பதில் ஆள்

முதலிலேயே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். என் எழுத்து நேராகப் போகாது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. இப்போது மறதி வேறு. போன வாரம் பத்திரிகைக்கு எதைப் பற்றி எழுதினேன் என்று என் மகள் கவிதாவிடம்தான் கேட்டேன்.

"மூட்டு வலி பத்தி, ம்மா."

அதற்கு முந்தின வாரம்?

"அதுவும் மூட்டு வலிதான்."

ஆகவே இந்த வாரம் மூட்டு வலி கிடையாது. தீபாவளி. இரண்டும் ஒன்றுதான் என்பார்கள் முறுக்கு பிழிந்தவர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் எல்லாரும் அங்கே மலேசியாவில், கிள்ளானிலும் ஈப்போவிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, தோசையும் கறியுமாகத் தீபாவளி கொண்டாடியிருப்பீர்கள். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? லண்டன் நோர்பரியில், ஒரு பலகாரக் கடையின் பின்பக்கச் சமையலறையில், தலையில் வலைத்தொப்பியோடு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ரோல்ஸ் என்றால் நம் ஊர் பொப்பியாவுக்குத் தூரத்துச் சொந்தம். உள்ளே ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும், அதைச் சுற்றி மெல்லிய ரொட்டி, வெளியே ரொட்டித்தூள். சிலோன்காரர்கள் வீட்டில் பிறந்தநாளா, பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடா, சும்மா நாலு பேர் வந்தார்களா — ரோல்ஸ் இல்லாமல் நடக்காது.

கடை யோகன் தம்பியுடையது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஜெர்மனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். அவரும் மனைவி வசந்தியும் முன்னால். பின்னால் நானும் எலேனாவும். எலேனா ருமேனியாக்காரி. பொரிப்பதும் தட்டு கழுவுவதும் அவள் வேலை. அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று வார்த்தை — சுடுது, காணும், கெதியா. அந்தச் சமையலறையில் பிழைக்க அவ்வளவு போதும். காணும் என்றால் போதும், கெதியா என்றால் சீக்கிரம். யோகன் தம்பி வாயிலிருந்து அதிகம் வருவது அதுதான்.

"இந்த வயதில் எதற்கு வேலை?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். கவிதா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க லேப்டாப்போடு பேச்சு. நான் ஏதாவது பேசினால் கையைத் தூக்கி 'ஷ்ஷ்' காட்டுவாள். ரோல்ஸ் அப்படிச் செய்யாது. வாரத்தில் மூன்று காலை அதனோடு இருந்துவிட்டு வருகிறேன்.

சரி... விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீபாவளிக்கு எனக்கு லீவு வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது. ஏனென்றால் காக் ரொஹானா வருகிறாள்.

காக் என்றால் மலாயில் அக்கா. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நானும் அவளும் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தோம். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். உதறி, இழுத்து, மடித்து, கிட்டே வந்து முனைகளைச் சேர்ப்போம். பிறகு அடுத்தது. அவள் முகத்தை நான் பார்த்த அளவு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததில்லை.

நோயாளிக்குப் பண்டிகை உண்டா? தீபாவளியன்றும் விரிப்பு அழுக்காகத்தான் செய்யும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். நோன்புப் பெருநாளான ஹரிராயாவுக்கு மலாய்க்காரர் வேலையைத் தமிழர் நாங்கள் பார்ப்போம். தீபாவளிக்கு எங்கள் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். சீனப் பெருநாளுக்கு நாங்கள் இரண்டு தரப்பும் சேர்ந்து நிற்போம். இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய வசதி, யோசித்துப் பாருங்கள்! வாயைத் திறந்து லீவு கேட்க வேண்டும் என்றிருந்தால் நான் ஒரு தீபாவளிகூடக் கொண்டாடியிருக்க மாட்டேன். அவ்வளவு கூச்சம். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தவள் நான்.

என் தீபாவளி வேலை எப்போதும் காக் ரொஹானாவுக்குத்தான் போகும். மறுநாள் நான் அவளுக்கு டப்பா கட்டிக்கொண்டு போவேன். முறுக்கு, அதிரசம், முந்தின நாள் சுட்ட தோசை, ஹலால் கடையில் வாங்கிய கோழியில் கறி. அவளும் "செடாப், செடாப்" என்று ஒரு துண்டு விடாமல் சாப்பிடுவாள். ருசி, ருசி என்று அர்த்தம். அவள் ஹரிராயாவுக்கும் அப்படியே. மறுநாள் எனக்கு ரெண்டாங் கறி வரும்.

நான் இங்கே வந்து, விசாரித்துப் பார்க்க ஆள் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் எனக்கு அது உறைத்தது. இவ்வளவு வருடப் பழக்கத்தில் காக் ரொஹானா என் வீட்டுத் தீபாவளிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை! எப்படி வருவாள்? நான் வீட்டில் விருந்து வைக்கும் நேரத்தில் அவள் என் இடத்தில் அல்லவா நின்றுகொண்டிருந்தாள்?

இந்த வருடம் அவள் மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்திருந்தாள். திரும்பும் விமானம் தீபாவளியன்று மாலை, ஹீத்ரோவிலிருந்து. "காலையில உன் வீட்டுக்கு வரேன், மத்தியானம் சாப்பிட்டுக் கெளம்பறேன்" என்று போனில் சொன்னாள். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு நாள். அதுவும் தீபாவளி. தோசையைச் சுடச்சுட அவள் தட்டில் போட வேண்டும் — என் ஆசை அவ்வளவுதான்.

எனக்கு லீவு பற்றிக் கவலையே இருக்கவில்லை. ஏன் தெரியுமா? வழக்கம்போல ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்!

ஈஸ்டருக்கு நான் எலேனாவுக்காக நின்றேன். கடையெல்லாம் சாக்லேட் முட்டையாகத் தொங்கியதே, அந்த ஞாயிற்றுக்கிழமை. அவள் வேலைக்கு வந்து ஏப்ரனைக் கட்டினாள். நான் அவிழ்த்தேன். "யூ கோ ஹோம். ஐ டூ" என்றேன். அவள் ஏதோ சொன்னாள். நான் அவள் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துக் கதவுவரை கொண்டுபோய் விட்டேன். எனக்கு அன்று என்ன பெருமை!

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எலேனா சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளோடு வேலைக்கு வந்தாள். அன்றுதான் அவள் ஈஸ்டராம். அவர்கள் சபைக்கு நாள் வேறாம். எடுக்க வேண்டிய லீவை நான் ஏற்கனவே எடுக்க வைத்துவிட்டதால், பண்டிகையன்று வந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பாவம், எனக்கும் ஒரு முட்டை கொடுத்தாள்.

ஆனால் கணக்கு கணக்குதானே? தப்பான நாளாக இருந்தாலும் நின்றது நின்றதுதான். தீபாவளிக்கு எனக்காக யாராவது நிற்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி நெருங்கியது. எனக்காக நிற்க யாரும் முன்வரவில்லை. வசந்தி முன்பக்கக் கண்ணாடியில் 'தீபாவளி ஸ்பெஷல்' என்று ஒட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருந்த இடத்தில் ஓடிய வழக்கம் அது. இது தமிழர் கடை. வாங்குகிறவர் தமிழர், விற்கிறவர் தமிழர். தீபாவளிதான் இங்கே உச்ச வியாபாரம். இதில் யாருக்குப் பதில் யார் நிற்பது?

கவிதாவிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடாமலே அறிவுரை சொன்னாள்.

"ம்மா, நீங்க பெர்மிஷன் கேக்காதீங்க. இன்ஃபார்ம் பண்ணுங்க. லீவுங்கறது உங்க ரைட். காரணமே சொல்லக் கூடாது. 'அன்னிக்கு நான் அவைலபிள் இல்ல' — அவ்ளோதான்."

"அப்படிச் சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?"

"அதான் ம்மா உங்க ஜெனரேஷன் பிரச்சனை. வேலை வேற, லைஃப் வேற. நடுவுல கோடு போடணும்."

"சரி லா. நீ தீபாவளிக்கு லீவு போட்டாச்சா?"

கவிதா திரையில் காலண்டரைத் திறந்தாள். "மந்த் எண்ட், ம்மா... அன்னிக்கு மட்டும் முடியாது."

கோடு போடுகிறவர்கள் எப்போதும் அடுத்தவர் வீட்டு வாசலில்தான் போடுவார்கள் போல.

நானும் இன்ஃபார்ம் பண்ணக் கிளம்பினேன். முதல் நாள் யோகன் தம்பி பக்கத்தில் போய் நின்று, முட்டைக்கோஸ் தீர்ந்துவிட்டது என்று இன்ஃபார்ம் பண்ணினேன். தீரவில்லை. குளிர்பெட்டியில் நிறைய இருந்தது. அடுத்த தடவை, வெளியே மழை என்று இன்ஃபார்ம் பண்ணினேன். லண்டனில் இதற்கு ஆள் வேண்டுமா?

மூன்றாவது தடவை, புகை இழுக்கும் காற்றாடி சத்தமாக ஓடும்போது மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று திட்டம். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எலேனா காற்றாடியை நிறுத்தினாள். என் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"தீபாவளிக்கு எனக்கு லீவு வேணும் தம்பி!"

முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அன்ரி கதைக்கிறியள்?" யோகன் தம்பி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "தீபாவளிக்கோ? அண்டைக்குத்தானே எங்களுக்கு ஓடர் கூட! நீங்கள் இல்லாட்டி ஆர் சுத்துறது? ஏலாது அன்ரி."

"தீபாவளி தம்பி... வருஷத்துல ஒரு நாளு..."

"எங்கட ஊரில தீபாவளி எண்டால், கோயிலுக்குப் போட்டு வந்து ஆட்டிறைச்சி காய்ச்சித் திண்டிட்டுப் படுக்கிறது. எங்களுக்குப் பெரிசு பொங்கல்தான். நீங்கள் பொங்கலுக்கு எடுங்கோ. ரெண்டு நாள் வேணுமெண்டாலும் தாறன்."

"ஓம் அன்ரி," என்றார் வசந்தி முன்னாலிருந்து, "பொங்கலுக்கு இவர் தன்ர கையால பொங்குவார். அதுக்கு நீங்கள் வீட்டை இருக்கிறதுதான் நல்லம்."

இப்படிப்பட்ட மனிதர்களோடு எப்படிச் சண்டை போடுவது? நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். எலேனா, "ஐ டூ யுவர் ரோல்ஸ்" என்று முன்வந்தாள். பாவம், அவள் சுற்றிக் காட்டியது எண்ணெயில் விழுந்ததும் பட்டாசாக வெடித்தது. தீபாவளிக்குப் பொருத்தம்தான். யோகன் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

காக் ரொஹானாவுக்குப் போன் போட்டேன். "நான் வேலைக்குப் போகணும். கவிதா இருப்பா. மாவு அரைச்சு வச்சிருக்கேன், கறி வச்சிட்டுப் போறேன். நீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றேன். "லீவு குடுக்கலயா? யாரும் பதிலுக்கு நிக்கலயா?" என்றாள். "ஆளு இல்ல" என்றேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

தீபாவளியும் வந்தது. இருட்டோடு எழுந்து கறியை வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். சுற்ற வேண்டிய ரொட்டிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. பாதி மலை குறைந்திருக்கும். கவிதாவிடமிருந்து போன்.

"ம்மா, ஆன்ட்டி வந்தாங்க. உக்காரவே மாட்டேன்னுட்டாங்க. நீங்க எங்க வேலை செய்யறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். மகனோட கார்ல ஏறிப் போயிட்டாங்க. எனக்கு மீட்டிங் இருக்கு, வைக்கட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்கதவு திறந்தது.

பூப்போட்ட தூடோங் முக்காடு தலையில், தடித்த குளிர்கோட்டு உடம்பில், அதே வட்ட முகம். காக் ரொஹானா! என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். கைகழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள், ஆஸ்பத்திரியில் செய்தது போலவே. பிறகு என் இடுப்பு ஏப்ரன் முடிச்சில் கையை வைத்தாள்.

"என்ன பாக்கற? அவிழ்த்துக் குடு. நீ வீட்டுக்குப் போ. இன்னிக்கு தீபாவளி."

"ஐயோ காக், உன்னைப் பாக்கத்தானே எனக்கு லீவு..."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல போய்க் குளி. எண்ணெய் வச்சியா? வைக்கல. பாரு, தலை காய்ஞ்சு கெடக்கு."

சத்தம் கேட்டு யோகன் தம்பி உள்ளே வந்தார்.

"ஆர் அன்ரி இது?"

"என்கூட மலேசியாவுல வேலை பாத்தவங்க தம்பி... எனக்குப் பதிலா நிக்க வந்திருக்காங்க."

"பதிலாவோ?" யோகன் தம்பி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். "ஒரு நாள் லீவுக்கு மலேசியாவில இருந்து ஆளை இறக்கி இருக்கிறியளோ?"

வசந்தியும் ஓடிவந்தார். அதற்குள் காக் ரொஹானா என் ஏப்ரனை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டு, மேசையில் என் இடத்தில் நின்று, ரொட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றார் வசந்தி கணவரிடம், "இவ சுத்திப் பாக்கவெல்லோ இந்த நாட்டுக்கு வந்திருக்கிறா? வேலை செய்யலாமோ?"

யோகன் தம்பியின் முகம் மாறியது. "ஐயோ! விசிட்டர்! விசிட்டர் வேலை செய்யக் கூடாது! இமிகிரேஷன்காரர் வந்தாங்களெண்டால் என்ர கடையைப் பூட்டிப்போடுவாங்கள்! அன்ரி, அவவைத் தொட வேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

"காக், தொடாதே" என்றேன்.

"சம்பளம் வேணாம்னு சொல்லு" என்றாள் காக்.

"சம்பளம் வேணாமாம் தம்பி."

"அது இன்னும் மோசம் அன்ரி!"

காக் ரொஹானா அசையவில்லை. ஆஸ்பத்திரி சூப்பர்வைசரையே அசைய விடாதவள். "இவ போகட்டும், நான் நகர்றேன். இவ இங்கேயே நின்னா நானும் நிப்பேன். அவருகிட்ட சொல்லு" என்றாள். நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் முதலாளியிடம் பேசிய மிகத் துணிச்சலான பேச்சு அதுதான். மொழிபெயர்ப்பு என்பதால் கூச்சமே வரவில்லை!

யோகன் தம்பி பின்கதவைப் பார்த்தார். இமிகிரேஷன்காரர் அங்கே ஏற்கனவே வந்து நிற்பதுபோல் ஒரு பார்வை. பிறகு பெருமூச்சு விட்டார்.

"அன்ரி, நீங்கள் வீட்டை போங்கோ. முதல் இவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மிச்சத்தை நான் சுத்துறன்."

"நீங்களோ?" என்றார் வசந்தி.

"ஏன், எனக்கு ஏலாதோ?"

"ஏலும், ஏலும். நான் போய் 'இண்டைக்கு ரோல்ஸ் கொஞ்சம் கோணல்' எண்டு எழுதி ஒட்டுறன்."

நான் இன்னும் தயங்கி நின்றேன். எண்ணெய்ச் சட்டி அருகில் இருந்து எலேனா, "ஐ ரிமெம்பர் ஈஸ்டர்" என்று சிரித்தாள். எந்த ஈஸ்டரை என்று நான் கேட்கவில்லை. அவள் கரண்டியால் கதவைக் காட்டினாள். "அன்ரி! கெதியா!"

வழியெல்லாம் காரில் காக் ரொஹானாவுக்கு ஒரே வருத்தம், ஒரு ரோல்ஸ்கூடச் சுற்றவில்லையே என்று.

போன மாதம் கிள்ளானிலிருந்து என் அண்ணன் மகள் பேசினாள். அவளும் ஆஸ்பத்திரி வேலைதான். "அத்தே, இப்ப லீவெல்லாம் ஆப்புலதான். போன்ல தட்டினா அதுவே யாரையோ போட்டுக்கும். யாரு நிக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது, கெஞ்ச வேண்டியதும் இல்ல" என்றாள். நல்லதுதான். என்னைப் போன்ற கூச்சக்காரிகளுக்கு வரப்பிரசாதம். எங்கள் காலம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. யாருடைய பண்டிகைக்கும் கணக்கில் வராதவர்கள் எத்தனையோ பேர் மூலையில் நின்று வேலை பார்த்தார்கள். ஆப் அவர்களையும் கணக்கில் எடுக்கும் அல்லவா?

ஆனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். யார் நின்றார் என்று தெரியாவிட்டால், மறுநாள் முறுக்கை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது?

வீட்டில் காக் ரொஹானா என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுத்தான் என்னைக் குளிக்க விட்டாள். கவிதா எட்டிப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். அந்த ஐந்து நிமிடம் ரொம்ப நேரம் ஓடியது.

கல்லிலிருந்து எடுத்த தோசையைக் காக் ரொஹானா தட்டில் போட்டேன். ஓரம் மொறுமொறு என்று, நடுவில் பஞ்சாக. கறியை ஊற்றினேன். ஆவி பறந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு... என்று நானும் கண்ணைத் துடைக்கத் தயாரானேன்.

"தோசைன்னா இப்படியா இருக்கும்?" என்றாள்.

"ஆமா காக்."

"அடோய்! நான் இவ்வளவு வருஷமா உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு இல்ல நெனச்சிருந்தேன்? பாவம், மனசு நோகுமேன்னு அந்த ரப்பரை மென்னு முழுங்கியிருக்கேன்!"

எழுந்து கோட்டைப் போடும்வரை ஏழு தோசை சாப்பிட்டாள்.

எழுதியதில் ஏதாவது தப்பு இருக்கலாம். மகன் இருப்பது மான்செஸ்டரா லீட்ஸா, சிவப்பு முட்டை வந்தது எத்தனை வாரம் கழித்து — எனக்கு உறுதியில்லை. காக் ரொஹானாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்டி, எல்லாவற்றையும் அவளிடமே சரிபார்த்துச் சொல்லுங்கள். ஏழு தோசை என்பதை மட்டும் கேட்க வேண்டாம் — அவள் ஐந்து என்பாள்.